பழைய ஆர்எக்ஸ்-7 எஞ்சினில் எமிஷன் பாகங்களைக் கழற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 முதல் தலைமுறை வண்டி வைத்திருப்பவர்கள், வாங்கப் போகிறவர்கள், வாங்கிவிட்டு விழிப்பவர்கள் என்று மூன்று தரப்பும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த எமிஷன் சாமானையெல்லாம் கழட்டிடலாமா?" எமிஷன் சாமான் என்றால் எக்ஸாஸ்ட் புகையிலும் பெட்ரோல் ஆவியிலும் உள்ள மாசைக் குறைக்க வைத்த பாகங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதிலும் எழுதியிருக்கிறேன்.

பேச்சு 1979 முதல் 1985 வரை அமெரிக்காவில் விற்ற, 12ஏ என்ற ரோட்டரி எஞ்சினும் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் எஞ்சின்) கார்புரேட்டரும் (காற்றில் பெட்ரோலைக் கலக்கும் பாகம்) உள்ள வண்டியைப் பற்றியது. சட்டம் பற்றிச் சொல்வதும் அமெரிக்கச் சட்டம்தான். அடுத்த தலைமுறையான எஃப்சி (1986–1991) ஓரிரு இடத்தில் மட்டும் வரும்.

1. பானெட்டைத் திறந்தா ஒரே குழாய்க் காடா இருக்கு. இதுல எமிஷன் சாமான் எது, எஞ்சினுக்கு வேண்டியது எது?

எஞ்சினின் முன்பக்கம் பெல்ட்டில் சுற்றும் உருண்டையான பம்ப், ஏர் பம்ப். அது தள்ளும் காற்று, இன்டேக் மேனிஃபோல்டில் போல்ட் போட்டு மாட்டிய ஏர் கன்ட்ரோல் வால்வுக்குப் போகும். இதைச் சுருக்கமாக ஏசிவி என்பார்கள். கார்புரேட்டரைச் சுற்றி மெல்லிய கறுப்புக் குழாய்களும் சின்னச் சின்ன சோலனாய்டுகளும் (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வுகள்) பின்னிக் கிடக்கும் பகுதிக்கு இந்த வண்டிக்காரர்கள் வைத்த பெயர் எலிக்கூடு. ஆன்டி-ஆஃப்டர்பர்ன் வால்வு, பிந்தைய மாடல்களில் வரும் ஷட்டர் வால்வு, பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி கேனிஸ்டர், எக்ஸாஸ்டில் 1979, 1980 வண்டிகளுக்குத் தெர்மல் ரியாக்டர், 1981 முதல் கேட்டலிடிக் கன்வர்ட்டர் (சுருக்கமாகக் கேட்). எமிஷன் சாமான் என்றால் இவ்வளவும்தான்.

அதே காட்டுக்குள் எமிஷனுக்குச் சம்பந்தமே இல்லாதவையும் ஒளிந்திருக்கின்றன. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த வேக்குவம் ஹோஸ் (எஞ்சினின் உறிஞ்சலைக் கடத்தும் குழாய்), டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ் (அந்த உறிஞ்சலால் தீப்பொறி நேரத்தை, அதாவது டைமிங்கை, முன்னால் தள்ளும் அமைப்பு), ஏசி போட்டால் ஐடிலை (மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) தூக்கும் அமைப்பு, சோக், ஆயில் மீட்டரிங் பம்பின் குழாய்கள் ஆகியவை. "குழாயா இருந்தா வெட்டு" என்று ஆரம்பிப்பவர்கள் கை வைப்பது பெரும்பாலும் இவற்றின்மேல்தான்.

2. ரோட்டரிக்கு மட்டும் ஏன் இத்தனை சாமான்? பிஸ்டன் எஞ்சின்ல இவ்வளவு இல்லையே?

12ஏ என்பது தலா 573 சிசி கொண்ட இரண்டு ரோட்டர். எரிப்பறை உருண்டையாகவோ கச்சிதமாகவோ இருக்காது. நீளமாக, தட்டையாக, ரோட்டரோடு நகர்ந்துகொண்டே இருக்கும். சுடர் அதன் கோடிகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் கலவை எக்ஸாஸ்ட் துளைக்கு வந்துவிடும். அதனால் எரியாத பெட்ரோல், அதாவது ஹைட்ரோகார்பன், இந்த எஞ்சினில் எப்போதுமே அதிகம். மறுபக்கம் எரிப்பின் உச்ச வெப்பம் குறைவு என்பதால் நைட்ரஜன் ஆக்சைடு குறைவு.

எரியாமல் போவதை எக்ஸாஸ்டிலேயே எரித்துவிடலாம் என்பது மாஸ்டாவின் வழி. அதற்கு வெப்பமும் காற்றும் வேண்டும். தெர்மல் ரியாக்டர் என்பது எக்ஸாஸ்ட் துளைகளை ஒட்டி மாட்டிய கனமான இரும்பு அடுப்பு. அது அணையாமல் இருக்கக் கலவையைக் கொழுப்பாகவே (பெட்ரோல் அதிகமாக) விட வேண்டியிருந்தது, மைலேஜ் அடிவாங்கியது. 1981-ல் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்ததும் கலவையை ஒல்லியாக்க (பெட்ரோலைக் குறைக்க) முடிந்தது. எலிக்கூட்டின் பெரும்பகுதி வேலை, அந்தக் காற்றை எப்போது எங்கே அனுப்புவது என்று தீர்மானிப்பதுதான்.

3. ஏர் பம்ப் எஞ்சினுக்குள்ள காத்து ஊதுதா? அப்ப அது சூப்பர்சார்ஜர் மாதிரிதானே?

இல்லை. அது ஊதுவது இன்டேக்கில் இல்லை, எக்ஸாஸ்டில். குறைந்த ஆர்பிஎம்மில் எக்ஸாஸ்ட் துளைகளுக்கும், தேவைப்படும்போது கன்வர்ட்டருக்கும் காற்று போகும். எஞ்சின் உயர்ந்த ஆர்பிஎம்மில் ஓடும்போது ஏசிவி அந்தக் காற்றை வெளியே தள்ளிவிடும். நீங்கள் முழு வேகத்தில் முடுக்கும் நேரத்தில் பம்ப் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம்.

4. எல்லாத்தையும் கழட்டினா எத்தனை குதிரை கூடும்?

12ஏ எஞ்சினுக்கு அமெரிக்காவில் அறிவித்த சக்தி 100 குதிரை. பம்பைக் கழற்றினால் மிச்சமாவது பெல்ட்டின் இழுவை மட்டும். மேலே சொன்னபடி உயர் ஆர்பிஎம்மில் பம்ப் எதிர்ப்பில்லாமல் சுற்றுவதால், ஓட்டுகிற ஆளுக்கு அது தெரியாது. எலிக்கூட்டைக் கழற்றினால் சக்தி ஏறவே ஏறாது. பானெட்டுக்குள் இடம் கிடைக்கும், கை போகும். அவ்வளவுதான்.

"கழட்டினதும் வண்டி பறக்குது" என்று சொன்ன ஒவ்வொருவரையும் நான் விசாரித்திருக்கிறேன். எல்லோருமே அதே வாரத்தில் எக்ஸாஸ்டையும் மாற்றி, டைமிங்கையும் கார்புரேட்டரையும் சரிசெய்திருந்தார்கள். கூடிய சக்தி அங்கிருந்து வந்தது. அடைத்துப்போன பழைய கன்வர்ட்டர் போய்விட்டால் வித்தியாசம் நிச்சயம் தெரியும். ஆனால் அது அடைப்பு நீங்கிய வித்தியாசம். நல்ல கன்வர்ட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

5. சட்டப்படி இது குற்றமா? பழைய வண்டிதானே, யார் கேக்கப் போறா?

சட்டமீறல்தான். அமெரிக்கக் கூட்டரசின் தூய காற்றுச் சட்டம், சாலை வண்டியில் தொழிற்சாலை மாட்டிய எமிஷன் பாகத்தைக் கழற்றுவதையும் செயலிழக்கச் செய்வதையும் தடை செய்கிறது. முதலில் இந்தத் தடை தயாரிப்பாளர்கள், விற்பனையாளர்கள், பணிமனைகள் மேல்தான் இருந்தது. 1990 திருத்தம் அதை எல்லோருக்குமாக விரித்தது, சொந்த வண்டியைச் சொந்த ஷெட்டில் கழற்றுபவரும் அதில் அடக்கம். வண்டிக்கு இத்தனை வயதானால் தடை கிடையாது என்று கூட்டரசுச் சட்டத்தில் எந்த வரியும் இல்லை.

வயது வருவது மாநிலங்களின் பரிசோதனை விதிகளில். சில மாநிலங்களில் பழைய வண்டிக்குப் பரிசோதனையே கிடையாது. கலிஃபோர்னியாவில் 1975 மாடலும் அதற்கு முந்தையதும்தான் ஸ்மாக் பரிசோதனை என்ற புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு. ஆர்எக்ஸ்-7 அங்கே விற்க ஆரம்பித்ததே 1979 மாடலில். ஆக ஒரு ஆர்எக்ஸ்-7 கூட அந்த விலக்கில் வராது. 1976 முதல் 1999 வரையான வண்டிகளுக்குக் குழாயில் கருவி விட்டு அளப்பார்கள். பல பகுதிகளில் உருளைமேல் ஏற்றி 15 மைல், 25 மைல் வேகங்களில் ஓட்டி அளப்பார்கள். அதோடு பானெட்டைத் திறந்து ஒவ்வொரு பாகமும் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். புகை அளவில் தேறினாலும் பம்ப் இல்லையென்றால் தேறாது. வெளியில் வாங்கிய மாற்றுப் பாகம் போடுவதென்றால் அந்த மாநிலக் காற்று வாரியத்தின் எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர் (அனுமதி) எண் அதற்கு இருக்க வேண்டும்.

பரிசோதனை இல்லாத மாநிலத்தில் இருக்கிறோம் என்பதற்கும் கழற்றுவது சட்டப்படி சரி என்பதற்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதில் பிடிக்க ஆளில்லை, அவ்வளவே. உங்கள் மாநில விதியைப் படித்துவிட்டு மேற்கொண்டு வாசியுங்கள்.

6. 25 வருஷம் தாண்டினா அமெரிக்காவுல எல்லாத்துக்கும் விலக்குன்னு சொல்றாங்களே?

அது இறக்குமதி விதி. இரண்டு விதிகளைக் குழப்பிக்கொண்டு சொல்வது. வெளிநாட்டு வண்டியை உள்ளே கொண்டுவரும்போது பாதுகாப்புத் தரத்துக்கான விலக்கு 25 ஆண்டு, எமிஷன் தரத்துக்கான விலக்கு 21 ஆண்டு. எமிஷன் விலக்குக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: வண்டி மூல நிலையில், மாற்றப்படாமல் இருக்க வேண்டும். "கழற்றலாம்" என்று சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கும் விதி உண்மையில் "கழற்றாமல் கொண்டுவா" என்கிறது. அமெரிக்காவிலேயே விற்ற வண்டிக்கும் இந்த விதிக்கும் சம்பந்தமில்லை.

7. நான் டிராக்ல மட்டும்தான் ஓட்டுறேன். அப்ப?

டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய், டிராக்கில் மட்டும் ஓட்டி, நம்பர் பிளேட்டே இல்லாத வண்டி என்றால் யாரும் வந்து கேட்டதாக நான் பார்த்ததில்லை. ஆனால் சாலைக்கெனச் சான்று பெற்ற வண்டியைப் பந்தய வண்டியாக மாற்றுவதற்குச் சட்டத்தில் வெளிப்படையான விலக்கு எழுதப்படவில்லை. "வாரநாள்ல வேலைக்கு, ஞாயித்துக்கிழமை டிராக்குக்கு" என்றால் அது சாலை வண்டிதான். கீழே "கழற்றினால்" என்று வரும் பதில்கள் எல்லாம் முழுநேர டிராக் வண்டிக்கும், ஏற்கெனவே யாரோ கழற்றிக் குதறிய வண்டிக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

8. ஐடில் ஏறி இறங்குது, வண்டி மூச்சு வாங்குது. எமிஷன் சாமான்தான் காரணம், எடுத்துடலாம்னு மெக்கானிக் சொல்றார். எடுக்கவா?

வேண்டாம், முதலில் காற்று எங்கே கசிகிறது என்று பாருங்கள். இந்த வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. ரோட்டரியின் வெப்பத்துக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளியவை. ஒன்றை இரண்டு விரலால் வளைத்துப் பாருங்கள். நல்ல குழாய் வளைந்து திரும்பும். இது காய்ந்த சுள்ளி போல 'டக்' என்று முறியும், முறிந்த இடத்தில் கறுப்புப் பொடி விரலில் ஒட்டும். முறியாத குழாயிலும் சொருகிய முனை அகன்று, கழுத்து பெருத்த சட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். அத்தனை முனைகளிலும் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடில் எப்படி நிற்கும்?

நண்பர் ஒருவரின் 1983 வண்டியில் இதே தொல்லை. இரண்டு வார இறுதி செலவழித்துப் பம்ப், ஏசிவி, எலிக்கூடு எல்லாவற்றையும் கழற்றி ஒரு அட்டைப் பெட்டியில் போட்டார். ஸ்டார்ட் செய்தால் ஐடில் முன்பு போலவே ஏறி இறங்கியது. கடைசியில் பார்த்தால் கார்புரேட்டருக்கு அடியில் இருந்த கேஸ்கெட் ஒரு ஓரத்தில் வெடித்திருந்தது. பெட்டியில் கிடந்த எந்தப் பாகமும் கெட்டிருக்கவில்லை. பிரேக் பூஸ்டர் ஹோஸின் கிளாம்ப்பைக்கூட சரியாக முடுக்காமல் விட்டிருந்தார், அது வேறு கதை.

கசிவைக் கண்டுபிடிக்கப் புகை விடும் கருவி இருந்தால் உத்தமம். சூடான எஞ்சின்மேல் கார்ப் கிளீனரைத் தெளித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. கீழே எக்ஸாஸ்ட் தகிக்கும் இந்த எஞ்சினில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு டயஃப்ராமையும் (வேக்குவத்தால் இழுபடும் ரப்பர் தகடு) கை வேக்குவம் பம்பால் இழுத்துப் பிடித்து முள் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் டயஃப்ராம் கிழிந்திருக்கிறது. சோலனாய்டுக்கு 12 வோல்ட் கொடுத்தால் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும், வாயால் ஊதினால் வழி மாற வேண்டும். என் அனுபவத்தில் பத்து வண்டிக்கு எட்டு வண்டி இந்த ஒரு நாள் வேலையில் சரியாகிவிடும்.

9. குழாய் எல்லாத்தையும் புதுசா மாத்தணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கிறது? எது எங்க போகுதுன்னே தெரியல.

பானெட்டின் உள்பக்கம் வேக்குவம் வரைபடம் ஸ்டிக்கராக இருக்கும். அது உரிந்துபோயிருந்தால் அந்த ஆண்டுக்கான சர்வீஸ் மேனுவலில் உள்ளதைப் பயன்படுத்துங்கள். ஆண்டு முக்கியம், 1980 படத்தை வைத்து 1984 வண்டியைக் கட்டினால் மூன்று முனை மிஞ்சும். முதலில் நாலு கோணத்தில் படம் எடுங்கள். பிறகு ஒரு குழாயைக் கழற்றி, அதே நீளத்துக்குப் புதியதை வெட்டி, மாட்டி முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றிவிட்டு "நினைவிருக்கும்" என்று உட்கார்ந்தவர்கள்தான் 8-ஆம் கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள்.

குழாயை இழுத்துப் பிடுங்காதீர்கள். சோலனாய்டின் பிளாஸ்டிக் மூக்கு குழாயோடு சேர்ந்து வந்துவிடும். பிளேடால் நீளவாக்கில் மெதுவாகக் கீறி உரித்தால் மூக்கு தப்பும். வேக்குவத்துக்கு சிலிக்கான் குழாய் நன்றாக உழைக்கும். ஆனால் பெட்ரோல் போகும் வழியிலும் ஆவி போகும் வழியிலும் சிலிக்கானைப் போடக் கூடாது, பெட்ரோலுக்கென்றே உள்ள ரப்பர் ஹோஸ்தான் வேண்டும்.

10. ஏர் பம்ப் சத்தம் போடுது. அதை மட்டும் எடுத்துட்டு கேட்டை அப்படியே விட்டுடவா?

எல்லாத் தேர்வுகளிலும் இதுதான் மோசமானது. இந்த எஞ்சின் கன்வர்ட்டருக்குள் அனுப்புவது நிறைய எரியாத பெட்ரோல். அதை எரிக்கக் காற்று வேண்டும், காற்றைக் கொடுப்பது பம்ப். காற்றை நிறுத்திவிட்டால் கன்வர்ட்டர் தன் வேலையைச் செய்யாது, கொஞ்ச காலத்தில் கெட்டு அடைத்துக்கொள்ளும். அடைத்தால் எக்ஸாஸ்ட் பின்னழுத்தம் ஏறும், எஞ்சின் சூடாகும், மேலே ஏறவே ஏறாது. அப்புறம் "கேட்தான் சக்தியைத் தின்னுது" என்று அதன்மேல் பழி.

பம்பின் பேரிங் போயிருந்தால் மறுசீரமைத்த பம்பையோ வேறு வண்டியிலிருந்து எடுத்த நல்ல பம்பையோ மாட்டுங்கள்.

11. பெல்ட்டை மட்டும் கழட்டி வச்சா? பாகம் எல்லாம் இருக்குதே, கண்ணால பாத்தா தெரியாதே.

செயலிழக்கச் செய்வதும் கழற்றுவதற்குச் சமம் என்பதை 5-லேயே சொன்னேன். கன்வர்ட்டரின் கதி 10-இல் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: எந்த பெல்ட் எதையெல்லாம் சுற்றுகிறது என்று பார்க்காமல் கழற்றாதீர்கள். எஃப்சியில் தண்ணீர் பம்பை இரண்டு பெல்ட் சேர்ந்து சுற்றும். ஏர் பம்ப் பெல்ட் போனால் ஆல்டர்னேட்டரும் தண்ணீர் பம்பும் ஒற்றை பெல்ட்டில் தொங்கும், உயர் ஆர்பிஎம்மில் வழுக்கும். ரோட்டரி எதை மன்னித்தாலும் சூடேறியதை மன்னிக்காது.

12. ஏசிவியை எடுத்த இடத்துல ஓட்டை இருக்கு. தகடு வெட்டி, பேப்பர் கேஸ்கெட் போட்டு மூடினா போதுமா?

போதாது. இந்த ஒரு இடத்தில்தான் நான் கையைப் பிடித்து இழுத்து நிறுத்துவேன். அந்த ஓட்டை இன்டேக் மேனிஃபோல்டில் இருப்பதால் உள்ளே குளிர்ந்த காற்று இருக்கும் என்று நினைப்பார்கள். ஆனால் ஏசிவியிலிருந்து காற்று எக்ஸாஸ்ட் துளைக்குப் போக எஞ்சினின் உடம்புக்குள்ளேயே வழி இருக்கிறது. பம்ப் இல்லாவிட்டால் அதே வழியாக எக்ஸாஸ்ட் திரும்பி வரும். பேப்பர் கேஸ்கெட் கருகிவிடும். மெல்லிய தகடு வளைந்து ஓரம் தூக்கும். கார்புரேட்டருக்குக் கீழே, பெட்ரோல் குழாய்களுக்குப் பக்கத்தில், சூடான எக்ஸாஸ்ட் பீச்சிக்கொண்டிருக்கும். தீப்பிடிக்க அதைவிட வசதியான இடம் அந்த வண்டியில் கிடையாது. கார்பன் மோனாக்சைடு ஹீட்டர் வழியாக உள்ளே வரவும் வாய்ப்பு உண்டு.

சமமாகக் கடைந்த தடித்த தகடு, எக்ஸாஸ்ட் வெப்பம் தாங்கும் கேஸ்கெட், எல்லா போல்ட்டும். எஞ்சின் இரண்டு முறை சூடாகி ஆறிய பிறகு மறுபடி முடுக்கிப் பாருங்கள். ஓரத்தில் கரி படிந்த கோடு தெரிந்தால் கசிகிறது என்று அர்த்தம்.

மேனிஃபோல்டையே இறக்குவதாக இருந்தால் முதலில் கூலன்ட்டை வடித்துவிடுங்கள். மேனிஃபோல்டுக்குள் கூலன்ட் வழி ஒன்று போகிறது, அதற்கு ஓரிங் உண்டு. பழைய ஓரிங்கையே திரும்பப் போட்டால் கூலன்ட் கசியும். எஞ்சினின் உள் சீல் போய்விட்டதென்று பயந்து, எஞ்சினைப் பிரிக்கக் கிளம்பியவர்களும் இருக்கிறார்கள்.

13. எலிக்கூடு போனப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர்ல ரெண்டு குழாய் தொங்குது. என்ன பண்றது?

ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக், முன்னால் பற்றுவது லீடிங், பின்னால் பற்றுவது டிரெயிலிங். இரண்டுக்கும் தனித்தனி வேக்குவம் அட்வான்ஸ் உண்டு. தொழிற்சாலை அமைப்பில் சோலனாய்டுகள் குறிப்பிட்ட நேரங்களில் அதை வெட்டிவிடும். எலிக்கூடு போனால் நேராகக் கார்புரேட்டரில் திராட்டில் தகட்டுக்கு மேலே இருக்கும் வேக்குவம் முனைக்கு இணைக்க வேண்டும். ஐடிலில் அங்கே இழுப்பு இருக்காது, மிதித்ததும் வரும். தகட்டுக்குக் கீழே உள்ள முனையில் மாட்டினால் ஐடிலிலேயே டைமிங் முன்னேறிக் கிடக்கும்.

மூடி வைத்துவிட்டு மறந்துவிடுபவர்கள்தான் அதிகம். வண்டி ஓடும், அதனால் தெரியாது. நெடுஞ்சாலையில் பெட்ரோல் குடிக்கும், எக்ஸாஸ்ட் வழக்கத்தைவிடச் சூடாகும். 12ஏக்கு ஐடிலில் லீடிங் 0 டிகிரி, டிரெயிலிங் உச்சிக்குப் பின் 20 டிகிரி. புல்லியில் இரண்டு குறி இருப்பது அதற்காகத்தான். வேக்குவம் ஹோஸ்களைக் கழற்றி அடைத்துவிட்டு அளவெடுங்கள்.

14. முன்னாடி ஒரு குட்டிப் பம்ப், அதுலேர்ந்து ரெண்டு மெல்லிய குழாய் கார்புரேட்டருக்குப் போகுது. அதையும் எடுத்துடலாம்ல?

அது ஆயில் மீட்டரிங் பம்ப். எமிஷன் பாகமே இல்லை. ரோட்டரின் முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீல்களுக்கு எண்ணெய் கொடுப்பது அதுதான். திராட்டிலோடு கம்பியால் இணைந்து, மிதிக்க மிதிக்கக் கூடுதலாக எண்ணெய் விடும். புகையில் எண்ணெய் எரிகிறது என்பதால் "இதுவும் புகைச் சாமான்தான்" என்று நினைத்து அடைத்துவிடுகிறார்கள். சீல் தேய்ந்தால் கம்ப்ரஷன் போய்விடும், பிறகு எஞ்சினைத்தான் பிரிக்க வேண்டும்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலக்க வேண்டும், லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லி. ஒருமுறை மறந்தாலும் சீலுக்கு எண்ணெய் கிடையாது. நான் பம்பை வைத்துக்கொண்டு, அந்த இரண்டு குழாய்களை மட்டும் புதிதாக மாற்றச் சொல்வேன். வயதான பிளாஸ்டிக் விறைத்து, தொட்டாலே முறியும். எலிக்கூட்டில் கை வைக்கும்போது முதலில் உடைவதும் அதுதான்.

15. கழட்டினதுக்கப்புறம் காலை எடுத்தா சைலன்சர்ல டப்பு டப்புன்னு வெடிக்குது. அது நல்லதுதானே, ரேஸ் கார் மாதிரி?

கேட்க நன்றாக இருக்கலாம். காரணம், காலை எடுக்கும்போது வரும் கொழுத்த கலவையை எரியாமல் சமாளிக்க வைத்திருந்த ஆன்டி-ஆஃப்டர்பர்ன் வால்வு இப்போது இல்லை. ஷட்டர் வால்வும் அதே நேரத்தில் பின்பக்க ரோட்டருக்குக் கலவையை நிறுத்தும், அதுவும் இல்லை. எரியாத பெட்ரோல் சைலன்சரில் போய்ப் பற்றுகிறது. ரோட்டரி எக்ஸாஸ்ட் ஏற்கெனவே சைலன்சர்களைத் தின்னும் சூடு. இதில் வெடியும் சேர்ந்தால் உள் தடுப்புகள் பிய்ந்து குலுங்க ஆரம்பிக்கும்.

வெடி திடீரென்று அதிகமானால் எக்ஸாஸ்ட் இணைப்பில் எங்காவது வெளிக்காற்று உள்ளே போகிறதா என்று பாருங்கள். 12-இல் சொன்ன தகட்டையும் பாருங்கள். ஷட்டர் வால்வைக் கழற்றாமல் அதன் குழாயை மட்டும் எடுத்திருந்தால், அது மூடிய நிலையில் சிக்கிக்கொள்ளவில்லை என்று உறுதிசெய்யுங்கள். சிக்கினால் வண்டி ஒற்றை ரோட்டரில் ஓடும், பலரும் அதை இக்னிஷன் கோளாறு என்று நினைத்துப் பிளக்கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

16. கேட்டுக்குப் பதிலா ஹெட்டரும் (தாராளமான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு) நேர் பைப்பும் போட்டாச்சு. கார்புரேட்டர்ல கை வைக்கணுமா?

வைக்க வேண்டும். எக்ஸாஸ்ட் தாராளமாக ஓடினால் எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கும், பழைய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) அளவில் கலவை ஒல்லியாகும். எக்ஸாஸ்டில் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சர் (கலவையின் அளவைக் காட்டும் கருவி) மாட்டிப் பார்த்து ஜெட்டை மாற்றுங்கள். பிளக் நிறத்தைப் பார்த்து ஊகிப்பது ரோட்டரியில் அவ்வளவாகக் கைகொடுக்காது.

சத்தத்துக்கும் தயாராக இருங்கள். நேர் பைப் ரோட்டரி பக்கத்துத் தெருவையும் எழுப்பும். புகை கண்ணைக் கரிக்கும், துணியில் பெட்ரோல் வாசம் ஏறும். மூடிய ஷெட்டுக்குள் ஐடிலில் விடவே விடாதீர்கள்.

17. கரி கேனிஸ்டரை எடுத்தா?

சக்தி ஒரு துளியும் கூடாது. டேங்கின் ஆவி வெளியே வரும், வண்டிக்குள் பெட்ரோல் வாசம் அடிக்கும். டேங்குக்கு மூச்சுவிடும் வழியை அடைத்துவிட்டால் வெயிலில் அழுத்தம் ஏறும், மூடியைத் திறந்தால் சீறும். அதை ஏன் எடுக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

18. என்னோடது எஃப்சி, டர்போ இல்லாதது. அதே மாதிரி கழட்டலாமா?

அதில் ஒரு பொறி இருக்கிறது. எஃப்சியில் வரும், டர்போ இல்லாத 13பி எஞ்சினுக்கு ஆறு இன்டேக் துளைகள், கடைசி இரண்டும் உயர் ஆர்பிஎம்மில்தான் திறக்கும். 1986 முதல் 1988 வரையான வண்டிகளில் அவற்றைத் திறப்பது எக்ஸாஸ்டின் பின்னழுத்தம். 1989 முதல் 1991 வரை ஏர் பம்பின் காற்றழுத்தம். முதல் வகையில் தாராள எக்ஸாஸ்ட் போட்டாலும், இரண்டாவதில் பம்பைக் கழற்றினாலும் அந்தத் துளைகள் திறக்காது. சக்திக்காகக் கழற்றியவர், எஞ்சின் உச்சத்துக்குப் போகும்போது சக்தியை இழந்துவிட்டு, "எஃப்சி மேல போக மாட்டேங்குது" என்று வருவார். பிந்தைய வகையில் இன்டேக் குழலின் நீளத்தை மாற்றும் விடிஐ வால்வுக்கும் அதே பம்ப் காற்றுதான்.

19. என் நண்பன் வண்டி பிஸ்டன் எஞ்சின். இஜிஆரை அடைக்கலாமான்னு கேக்கறான்.

5-இல் சொன்ன சட்டம் அவருக்கும் பொருந்தும். இஜிஆர், எரிந்த வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டு எரிப்பின் வெப்பத்தைக் குறைக்கிறது. முழு மிதியில் அது மூடித்தான் இருக்கும், அடைத்தாலும் உச்ச சக்தி கூடாது. பாதி மிதியில் டைமிங் அதைக் கணக்கில் வைத்துத்தான் அமைந்திருக்கும். அடைத்துவிட்டால் ஏற்றத்தில் எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். கரி பிடித்து இஜிஆர் வால்வு திறந்தபடி நிற்பதால் ஐடில் கெட்டுப்போயிருந்தால், கழற்றிக் கழுவி மாட்டச் சொல்லுங்கள்.

20. எல்லாம் கழட்டின வண்டி ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, வண்டி நல்லா இருக்கு. வாங்கலாமா? திரும்ப மாட்ட முடியுமா?

விற்பவரிடம் முதல் கேள்வி: "கழட்டின சாமான் எங்கே?" பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார் என்றால் தைரியமாக மேலே பேசுங்கள். தூக்கிப் போட்டுவிட்டார் என்றால், பரிசோதனை உள்ள மாநிலத்தில் அந்த வண்டியின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மலிவு அல்ல. சோலனாய்டு வரிசை, ஏசிவி, அவற்றைத் தாங்கும் பிராக்கெட்டுகள் எல்லாம் இப்போது வேறு வண்டியைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். பிராக்கெட்டைத்தான் யாரும் எடுத்து வைப்பதில்லை, தேடினால் கடைசியில் கிடைப்பதும் அதுதான். தெர்மல் ரியாக்டர் வண்டி என்றால் விரிசலில்லாத ரியாக்டர் கிடைப்பது இன்னும் கஷ்டம்.

நேரில் போனால் நான்கு இடம் பாருங்கள்: ஏசிவி இருந்த இடத்துத் தகடு, டிஸ்ட்ரிபியூட்டரின் இரண்டு குழாய், ஆயில் மீட்டரிங் பம்ப் குழாய்கள், பிரேக் பூஸ்டர் ஹோஸ். நான்கும் ஒழுங்காக இருந்தால் கழற்றியவர் புரிந்து கழற்றியிருக்கிறார். மீட்டரிங் பம்ப் அடைத்திருந்தால் "எண்ணெய் கலந்து ஓட்டினீங்களா, எந்த அளவுல?" என்று கேளுங்கள். உடனே அளவு சொல்லாமல் யோசித்தால், ரோட்டரிக்கென்று உள்ள கருவியால் ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகங்களின் கம்ப்ரஷனையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.